ஊர் பேரோடு கொடுங்கள்: இணையத்தில் கண்டதைப் பகிரப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

காலையில் எழும்பி வட்ஸ்அப்பைத் திறந்தால் குடும்பக் குறூப்பில் நாற்பது செய்தி கிடக்கும். அதில் ஒரு நல்ல படம் இருக்கும், ஒரு பழைய பாட்டு இருக்கும், யாரோ அரசியல்வாதி பேசிய முப்பது செக்கன் துண்டு இருக்கும், சிரிப்பு ஒன்றும் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே குறை, ஊரும் இல்லை பேரும் இல்லை. யார் எடுத்தது, எப்போது பாடியது, எங்கே பேசியது என்று ஒன்றும் தெரியாது. அனுப்பியவரைக் கேட்டால் "எனக்கும் வந்தது, அனுப்பினேன்" என்பார். நானும் சில வருடம் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன், பிறகு ஒரு படத்தால் (அந்தக் கதை கீழே வரும்) நிறுத்தி, ஒழுங்காகச் செய்யப் பழகினேன். பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன், புதிதாகத் தொடங்குகிற தம்பி தங்கைகளுக்கும், ஓய்வூதியம் எடுத்த பிறகு போன் பழகுகிற அண்ணன் அக்காமாருக்கும் சேர்த்து.

முதலில் சேர்த்து வையுங்கள்

கண்டவுடன் அனுப்பாதீர்கள். இதுதான் முதல் படி, கஷ்டமான படியும் இதுதான். நல்லதொன்றைக் கண்டால் உடனே நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று கை துடிக்கும். அந்தத் துடிப்பு நல்லதுதான், அது இல்லாதவர் இந்த வேலைக்கே வரமாட்டார். ஆனாலும் ஒரு இரவு ஆறப் போடுங்கள். வட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்புகிற வசதி இருக்கிறது. அங்கே இணைப்பைப் போட்டு, பக்கத்தில் ஏன் பிடித்தது என்று நாலு சொல் எழுதிவிடுங்கள். அதை அப்போதே எழுத வேண்டும், மூன்று நாள் கழித்து வெறும் இணைப்பை மட்டும் பார்த்தால் எதற்காக எடுத்து வைத்தோம் என்றே நினைவு வராது. என்னுடையது இப்படி இருக்கும்: "மீன் சந்தை, விடியப்புறம், அந்த அம்மாவின் கை." வேறு யாருக்கும் விளங்காது, எனக்கு விளங்கினால் போதும்.

ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைப்பதைவிட இணைப்பாக வைப்பது நல்லது. ஸ்கிரீன்ஷொட்டிலிருந்து மூலத்துக்குத் திரும்பிப் போக வழி இல்லை. ஆனால் இணைப்புக்கும் ஆயுள் குறைவு, தளத்தை மூடிவிடுவார்கள், பதிவை அழித்துவிடுவார்கள். இதற்கு ஒரு வழி இருக்கிறது. இன்ரர்நெற் ஆர்கைவ் என்ற அமைப்பு 1996இலிருந்து இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு வருகிறது. அதன் வேபக் மெஷினில் பக்கத்தைச் சேமிப்பதற்கென்றே ஒரு பெட்டி உண்டு, அதில் முகவரியை ஒட்டினால் அன்றைக்குப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே பதிவாகிவிடும். காசு இல்லை. பேஸ்புக் பதிவுகளுக்கு அநேகமாக இது சரிவராது, செய்தித் தளங்களுக்கும் கட்டுரைகளுக்கும் நன்றாகச் சரிவரும்.

ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, அதில் வேறெங்கும் இல்லாத ஏடுகளும் இருந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த நினைவு வரும். ஈழத்துப் பழைய பத்திரிகை, சஞ்சிகை, கோயில் மலர், பாடசாலை மலர் என்று எது தேடினாலும் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். பகிரத் தகுந்த பொருள் அங்கே இருக்கிற அளவுக்கு வேறெங்கும் இல்லை என்பது என் எண்ணம்.

படம் என்றால் பெருப்பித்துப் பாருங்கள்

இப்போது அந்தப் படத்தின் கதை. பனை நிற்கிற மண் ரோட்டில் ஒரு மாட்டு வண்டில், கறுப்பு வெள்ளை, கீழே "யாழ்ப்பாணம் 1910" என்று மஞ்சள் எழுத்து. பார்த்தவுடனே பிடித்துவிட்டது. மூன்று குறூப்புக்கு அனுப்பினேன். அடுத்த நாள் ரொறன்ரோவில் இருக்கிற என் பெரியம்மா ஒரு வரி எழுதியிருந்தா: "தம்பி, பின்னுக்குத் தெரியிற கடைப் பலகையில் மலையாளமெல்லோ எழுதியிருக்கு." விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். வண்டில் சில்லுக்குப் பின்னால், மங்கலாக, வளைந்து வளைந்து மலையாள எழுத்து. எழுபது வயதைத் தாண்டிய அவ பெருப்பித்துப் பார்த்திருக்கிறா, நான் பார்க்கவில்லை. அதற்குள் அந்தப் படத்தை என்னிடமிருந்து வாங்கி எத்தனை பேர் அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்க ஒரு கிழமைக்கு மனம் சரியில்லை.

ஆகவே படத்துக்கான வேலை இதுதான். முதலில் பெருப்பித்து நாலு மூலையையும் பாருங்கள். கடைப் பலகை, வாகனத் தகடு, உடுப்பு, கரண்ட் கம்பம் எல்லாம் சாட்சி சொல்லும். பிறகு படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், அல்லது ரின்ஐ (TinEye) என்ற தளத்தில் போடுங்கள். ரின்ஐயில் ஆகப் பழைய பதிவு முதலில் வரும்படி அடுக்கலாம், அதுதான் அதன் பெரிய உதவி, ஏனென்றால் முதலில் போட்டவரிடம் போனால் அநேகமாக எடுத்தவரிடம் போய்ச் சேரலாம். நான் அப்படித் தேடித்தான் அந்த மாட்டு வண்டில் கேரளத்துப் படம் என்று உறுதிப்படுத்திக்கொண்டேன்.

ஊர்ப் படங்களுக்கு ஒரு சில ஆண்டுகளை மனதில் வைத்திருந்தால் பாதி வேலை தேடாமலேயே முடிந்துவிடும். பொது நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது 1959இல், ஆகவே அந்த முகப்போடு "1940களில் யாழ்ப்பாணம்" என்று ஒரு படம் வந்தால் ஆண்டு பிழை. யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956இல். 1990இல் நின்றுபோன ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரில், ஆகவே இடையில் ஒரு ஆண்டைப் போட்டு யாழ்ப்பாண ஸ்ரேசனில் ரயில் நிற்கிற படம் வந்தால் அதுவும் பிழை. இப்படி உங்கள் ஊருக்கென்று ஒரு சின்னப் பட்டியல் நீங்களே சேர்க்கலாம். சந்தைக் கட்டடம் எப்போது கட்டினது, கோபுரம் எப்போது எழும்பியது, ரோட்டுக்கு எப்போது தார் போட்டது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் ஒரு பின்னேரத்துக்குள் எழுதி முடித்துவிடலாம்.

எடுத்தவர் யார் என்று தெரிந்தால் அவருடைய பக்கத்தின் இணைப்பைக் கொடுப்பது நல்லது. படத்தையே எடுத்துப் போட வேண்டுமானால் கேளுங்கள். "வணக்கம் அண்ணா, உங்கள் கீரிமலைப் படத்தை உங்கள் பெயரோடும் இணைப்போடும் எங்கள் ஊர்க் குறூப்பில் போடலாமா?" இவ்வளவுதான் கேட்க வேண்டியது. நான் கேட்டவர்களில் ஒருவர்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை, இரண்டு பேர் பெரிய அளவில் படத்தையே அனுப்பிவைத்தார்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கியவர் உயிரோடு இருக்கும் காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் உரிமை இருக்கிறது, இணையத்தில் கிடந்தது என்பதற்காக அது இல்லாமல் போகாது. கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்றால் விக்கிமீடியா கொமன்ஸில் தேடுங்கள். அங்கே இருக்கிற படங்களைப் போட யாரையும் கேட்கத் தேவையில்லை, ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவர் பெயரும் எந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்பதும் எழுதியிருக்கும், அந்த இரண்டையும் அப்படியே கொண்டுவந்து படத்தோடு போட வேண்டும்.

வட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். முகத்தில் இருந்த சுருக்கமும் கடலில் இருந்த மினுக்கமும் போய்விடும், எடுத்த நாள் போன்ற உள்விபரமும் கழன்றுவிடும். நல்ல படமென்றால் டொக்கியுமென்ராக அனுப்புங்கள், எடுத்தபடி போய்ச் சேரும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யுத்தகாலப் படங்கள், இறந்தவர்களின் படங்கள். எங்கள் ஊரில் அநேக வீடுகளில் சட்டம் போட்டு மாலை சாத்திய ஒரு இளம் முகம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்தபடி இன்றைக்கும் தெருவோரம் நிற்கிற அம்மாமார் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் குறூப்பில் இருந்தால் 2009ஆம் ஆண்டின் ஒரு படத்தை நீங்கள் பார்ப்பதுபோல் பார்க்கமாட்டா, ஒவ்வொரு முகமாகத் தேடுவா. ஆகவே அந்தப் படங்களைக் குறூப்பில் நேரே போடாதீர்கள். அவசியம் காட்ட வேண்டியது என்றால் என்ன இருக்கிறது என்று முதலில் எழுதி, இணைப்பை மட்டும் கொடுங்கள், திறப்பதா விடுவதா என்பது அவர்கள் கையில் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்துக்கும் இதே கவனம் வேண்டும்.

பாட்டு என்றால் பக்கத்தில் இருப்பவர்களின் பேரும் வேண்டும்

பாட்டில் எல்லோரும் செய்கிற பிழை, பாடினவர் பேரை மட்டும் போடுவது. இயற்றியவர், இசையமைத்தவர், வாசித்தவர்கள் எல்லோரும் விடுபட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்து இசையில் இது இன்னும் கூடத் தெரியும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தின் பெருமை தவிலும் நாதஸ்வரமும். யாராவது பழைய கசெற்றிலிருந்து ஏற்றியிருப்பார்கள், தலைப்பில் "அருமையான நாதஸ்வரம்" என்று மட்டும் இருக்கும். நாதஸ்வரம் யார், தவில் யார், எந்தக் கோயில், எந்தத் திருவிழா, ஒன்றும் இருக்காது.

போன வருடம் எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. 37 நிமிடம். தலைப்பில் கோயில் பேர் மட்டும். முதல் தரம் வேறு வேலை செய்துகொண்டு கேட்டேன், இரண்டாம் தரம் ஹெட்போனைப் போட்டு ஆறுதலாக இருந்து கேட்டேன். 22ஆவது நிமிடத்தில் நாதஸ்வரம் நிற்கிறது, தவில் மட்டும் தனியாகத் தொடங்குகிறது. பின்னுக்கு ஜெனரேற்றர் இரையும் சத்தம், ஒரு குழந்தை அழுகிறது, யாரோ "தள்ளி இருங்கோ" என்கிறார்கள். பிறகு அந்தச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக அடங்கிப்போகிறது, சனம் முழுக்கக் கேட்கத் தொடங்கிவிட்டது என்பது அதில் தெரிகிறது. இரண்டு தவில்கள் மாறி மாறிக் கேள்வியும் பதிலுமாக வாசிக்கிறார்கள். இதை முழுதாக 37 நிமிடம் கேள் என்று அனுப்பினால் யாரும் திறக்கமாட்டார்கள், அந்த 22ஆவது நிமிடத்திலிருந்து கேள் என்று அனுப்பினால் கேட்பார்கள். யூரியூப்பில் "பகிர்" என்பதை அழுத்தும்போது எந்த நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று குறிக்க ஒரு சிறு பெட்டி வரும். வராவிட்டால் நிமிடத்தைக் கையால் எழுதிவிடுங்கள்.

பேர்களைச் சரிபார்க்கவும் ஆண்டுகள் உதவும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி காலமானது 1975இல். 1980களில் நடந்த திருவிழாவில் அவர் வாசித்தது என்று ஒரு பதிவு வந்தால் ஆள் வேறு அல்லது ஆண்டு வேறு. நாதஸ்வரத்தில் அளவெட்டி என்.கே. பத்மநாதன் 2003 வரை இருந்தார், ஆகவே அவர் பேரில் வருகிற பதிவை ஆண்டை மட்டும் வைத்துத் தள்ளிவிட முடியாது, கேட்டுப் பழகிய ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். என் அந்த 37 நிமிடப் பதிவில் எனக்கு யார் பேரும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதி, "நாதஸ்வரம், தவில் யார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டுப் போட்டேன்.

இப்போது பாடுகிற எங்கள் பிள்ளைகளின் பாட்டென்றால் அவர்களுடைய சொந்தச் சனலின் இணைப்பையே கொடுங்கள். பாட்டை இறக்கி ஓடியோவாக அனுப்பினால் கேட்கிறவருக்கு வசதிதான், ஆனால் பார்த்தவர் கணக்கு அவர்களுக்குச் சேராது. ஸ்ரூடியோவுக்குக் காசு கொடுத்து, கமராவுக்கு வாடகை கொடுத்து ஒரு பாட்டுச் செய்கிற பெடியனுக்கு அந்த ஆயிரம் பார்வை பெரிய விஷயம்.

அரசியல்: முழுப் பேச்சையும் கேட்ட பிறகு

இங்கேதான் ஆகக் கூடுதலாகப் பொறுமை வேண்டும். வட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அப்படியானதை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்கு மட்டுமே முன்னனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் அந்த நிறுவனமே கட்டுப்பாடு போட்டது. இரட்டை அம்பைக் கண்டால் நான் அன்றைக்கு அனுப்புவதே இல்லை.

முப்பது செக்கன் துண்டு வந்தால், முழுப் பேச்சைத் தேடிப் பிடியுங்கள். அந்தத் துண்டுக்கு முன்னால் ஒரு நிமிடமும் பின்னால் ஒரு நிமிடமும் கேட்டாலே பெரும்பாலும் விளங்கிவிடும், பேசியவர் வேறொருவர் சொன்னதை எடுத்துச் சொல்லி மறுக்கிறாரா அல்லது தானே சொல்கிறாரா என்று. பாராளுமன்றத்தில் பேசியதென்றால் ஹன்சாட் என்ற உரைப் பதிவு இருக்கிறது, பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதி வாரியாகக் கிடைக்கும், உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகியிருக்கும். தமிழில் பேசியதைத் தமிழிலேயே வாசிக்கலாம், மொழிபெயர்ப்பு என்ற பிரச்சினையே இல்லை. சட்டம், வரி, காணி பற்றிய செய்தியென்றால் வர்த்தமானி இருக்கிறதா என்று பாருங்கள், இலக்கமும் திகதியும் இல்லாமல் "வர்த்தமானி வந்துவிட்டது" என்று வந்தால் நம்ப வேண்டாம்.

பத்திரிகை இலச்சினையோடு ஒரு சதுரப் படம், நடுவில் ஒரு தலைவரின் முகம், பக்கத்தில் மேற்கோள். இதைச் செய்ய இப்போது போனிலேயே ஐந்து நிமிடம் போதும். அந்தப் பத்திரிகையின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விடுங்கள்.

நம்ப முடியாமல் இருப்பதெல்லாம் பொய்யும் இல்லை. 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலின் முடிவு வந்தபோது யாழ். மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்தி என்ற தென்னிலங்கைக் கூட்டணிக்கு என்று ஒரு படம் வந்தது, நான் போலி என்றே நினைத்தேன். யாருக்கும் அனுப்பாமல் தேர்தல் ஆணைக்குழுவின் முடிவைப் பார்த்தேன், உண்மை. எனக்குப் பிடித்த செய்தியையும் பிடிக்காத செய்தியையும் ஒரே மாதிரிச் சரிபார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் வடிவாக விளங்கியது, அதற்கு முதல் பிடிக்காததை மட்டும்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்ததை நீங்கள் தமிழாக்கினால் "மொழிபெயர்ப்பு என்னுடையது" என்று போட்டு மூலத்தின் இணைப்பையும் கொடுங்கள். செய்தி ஒரு பந்தி, உங்கள் கருத்து வேறு பந்தி. இரண்டையும் கலந்து எழுதினால் வாசிக்கிறவருக்கு எது நடந்தது, எது நீங்கள் நினைப்பது என்று பிரித்தெடுக்க முடியாது. கருத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கும் நிறைய இருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொய்யான கூற்றைப் பரப்புவதைச் சில சந்தர்ப்பங்களில் அது குற்றமாக்குகிறது. கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று ஊடகவியலாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தார்கள், எனக்கும் அந்தப் பயம் உண்டு. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களையே முடக்கியது. அந்த நாட்களில் வதந்தி வாய்வழியாக ஓடியது, சரிபார்க்க வழியும் இருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், சாதாரண நாளில் சரிபார்த்துப் பழகியவர் என்று நாலு பேருக்கு உங்களைத் தெரிந்திருந்தால் அப்படியான நாளில் உங்களிடம்தான் கேட்பார்கள்.

சிரிப்பு

இதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. போடுவதற்கு முதல் குறூப்பில் கடைசியாக என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள், செத்தவீட்டு அறிவித்தலுக்குக் கீழே ஒரு பகிடி போய் விழுந்தால் அதை எடுத்துவிட்டாலும் சனம் மறக்காது. சாதி, ஊர், உடம்பு, ஊனம் இவற்றை வைத்துச் செய்கிற பகிடியை நான் எவ்வளவு கெட்டித்தனமாக இருந்தாலும் போடுவதில்லை, குறூப்பில் இருக்கிற யாரோ ஒருவர் அதைச் சின்ன வயதில் வகுப்பில் கேட்டு வளர்ந்திருப்பார். மீமின் மூலையில் செய்தவர் பேர் இருந்தால் வெட்டாதீர்கள், வெட்டியது வந்தால் வெட்டாததைத் தேடிப் போடுங்கள். பகிடியை விளக்கி எழுதவும் வேண்டாம்.

பழைய சிரிப்பு வேண்டுமென்றால் ஓவியர் சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் நடத்திய சிரித்திரன் இதழ்களை நூலகம் தளத்தில் திறந்து பாருங்கள். அதில் வருகிற சவாரித் தம்பர் கேலிச்சித்திரத்தை ஒரு பக்கம் எடுத்து, இதழின் மாதமும் ஆண்டும் போட்டு அனுப்பினால் எழுபது வயதுக்காரர்கள் அன்றைக்கு முழுக்கக் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

குறிப்பு எழுதுவது

வெறும் இணைப்பை மட்டும் போடாதீர்கள். மூன்று நாலு வரி எழுதுங்கள், என்ன இது, யாருடையது, எங்கே எப்போது, எதைப் பார்க்க வேண்டும். நான் போட்ட ஒன்றை அப்படியே தருகிறேன்:

"கீரிமலைக் கடற்கரை, பின்னேரம். எடுத்தவர் போன கிழமை தன் இன்ஸ்ரகிராம் பக்கத்தில் போட்டது, கேட்டுத்தான் போடுகிறேன். கரையில் காய்கிற வேட்டியைப் பாருங்கள், காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அதில் தெரியும். இணைப்பு கீழே."

"வேற லெவல்", "மிஸ் பண்ணாமல் பாருங்கள்" என்றெல்லாம் எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பார்ப்பார்கள்.

எழுத்துரு ஒரு தனிப் பிரச்சினை. எங்கள் பக்கத்துப் பழைய தளங்களிலும் பழைய கோப்புகளிலும் நிறையப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. அதைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வரும். எழுத்துருமாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு ஒட்டுங்கள், ஒட்டிய பிறகு ஒருமுறை வாசியுங்கள், மாற்றும்போது சில எழுத்துகள் பிசகும்.

இணைப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட வால் வரும், கேள்விக்குறிக்குப் பிறகு புரியாத எழுத்தும் இலக்கமுமாக. அது பெரும்பாலும் நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், யாரிடமிருந்து எடுத்தீர்கள் என்று பின்தொடர்வதற்கானது. இன்ஸ்ரகிராம் இணைப்பில் கேள்விக்குறியிலிருந்து கடைசி வரை வெட்டிவிடலாம். ஆனால் யூரியூப்பின் நீளமான முகவரியில் கவனம், அதில் காணொளியின் அடையாளமே கேள்விக்குறிக்குப் பிறகுதான் வருகிறது, வெட்டினால் இணைப்புச் செத்துவிடும். வெட்டிய பிறகு நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.

எங்கே, எப்போது, எவ்வளவு

ஒரு நாளைக்கு ஒன்று. என் கணக்கு இதுதான், ஒன்றுக்கு மேல் போட்டால் இரண்டையும் பார்க்கமாட்டார்கள். குடும்பக் குறூப்பில் அரசியல் போடுவதில்லை, அதற்கு வேறு ஆக்கள் இருக்கிறார்கள். ஸ்ரேற்றஸ் ஒரு நாளில் மறைந்துவிடும், ஆகவே தேடி எடுத்து எழுதிய நல்ல பொருளை அங்கே வீணாக்க வேண்டாம். நேரம் என்று பார்த்தால் இங்கே இரவு 8 மணி நல்லது. கோடையில் அது லண்டனில் பிற்பகல் 3.30, ரொறன்ரோவில் காலை 10.30, எல்லோரும் விழித்திருக்கிற நேரம். இங்கே இருப்பவர்கள் ரீலோட் போட்டு டேற்றாவை அளந்து பாவிப்பவர்கள், ஆகவே பெரிய காணொளி என்றால் எத்தனை நிமிடம் என்று முன்னுக்கு எழுதிவிடுங்கள், கொமியூனிகேஷனுக்குப் போய் நூறு ரூபாவுக்கு ரீலோட் போடுகிற மாணவிக்கு அது உதவி.

அனுப்பிய பிறகு

பிழை வந்தால் அழித்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். வட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான அவகாசம் இருக்கிறது, ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், அனுப்பியவர்கள் அனுப்பிவிட்டார்கள். எங்கே போட்டீர்களோ அங்கேயே "நேற்றுப் போட்ட படம் யாழ்ப்பாணம் இல்லை, கேரளம், மன்னிக்கவும், அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்" என்று எழுதுங்கள். மாட்டு வண்டிலுக்கு நான் மூன்று குறூப்பிலும் அப்படி எழுதினேன். முதல் குறூப்பில் எழுதும்போது கூச்சமாக இருந்தது, மூன்றாவதில் இருக்கவில்லை.

பதில் எழுதுபவர்களுக்குப் பதில் எழுதுங்கள், முக்கியமாகத் தகவல் கொண்டு வருபவர்களுக்கு. அந்தத் தவில் பதிவைப் போட்டு இரண்டு நாள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பாரிஸிலிருந்து ஒருவர், இரண்டாவது தவில் தன் பெரியப்பா என்று பேரோடு எழுதினார். இணுவிலில் இருக்கிற ஒருவர், இல்லை, அவர் அந்த வருடம் அந்தக் கோயிலுக்கு வரவில்லை என்றார். இரண்டு பேரும் மரியாதையாகவே கதைத்தார்கள், ஆனால் முடிவு வரவில்லை. நாலைந்து நாள் கழித்து பாரிஸ்காரரின் மாமி வீட்டு அலுமாரியிலிருந்து அந்த வருடத்துத் திருவிழா நோட்டீஸ் வெளியில் வந்தது. ஓரம் கிழிந்த, பழுப்பேறிய தாள். எங்கள் கோயில் நோட்டீசுகளில் உபயகாரர் பேருக்குக் கீழே மங்கள வாத்தியம் என்று ஒரு பகுதி இருக்குமே, அதில் நாதஸ்வரம் இரண்டு பேர், தவில் இரண்டு பேர், ஊரோடு அச்சாகியிருந்தது. பெரியப்பாவின் பேரும் இருந்தது. இணுவில்காரர், தான் நினைத்தது அடுத்த வருடத்துத் திருவிழா என்று எழுதினார்.

நாலு பேரையும், கோயிலையும், திகதியையும் சேர்த்துக் குறிப்பைத் திருத்திப் போட்டேன். யூரியூப்பில் ஏற்றியவருக்கும் எழுதினேன், அவரும் தலைப்பின் கீழே சேர்த்துவிட்டார். நோட்டீசின் படத்தை டொக்கியுமென்ராக அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.